சுவருக்குப் பின்னால் ஒரு வாய்

இடது முழங்கால் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே தன் பாட்டை ஆரம்பித்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்கும்போது ஒரு தரம், செருப்பு மாட்டும்போது ஒரு தரம், கிடங்கு வாசலில் லாரிக்கு வழிவிட ஒதுங்கும்போது ஒரு தரம். பத்தரை மணிக்கு, மேல் அடுக்கு மூட்டைகளை எண்ணப் பலகையில் ஏறிய மேஸ்திரி, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். முட்டிக்குள் யாரோ ஆணியை வைத்து நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

கீழே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மேஸ்திரி, பாதியிலயே நின்னுட்டீங்க? காத்து நல்லா வருதா?"

"நீ மூட்டையப் பாரு. உன் காத்த நான் அப்புறம் புடுங்குறேன்."

எண்ணுவதுபோல விரலை நீட்டி, ஒரே வரிசையை மூன்று முறை எண்ணினார். வலி கொஞ்சம் அடங்கியதும் இறங்கினார். ஓய்வு பெறும் வரை, இன்னும் ஒன்பது வருஷம் இந்தப் பலகையில் ஏற வேண்டும். முட்டி ஒன்பது மாதம்கூடத் தாங்காது. இது அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் செயலாளர் கூப்பிட்டனுப்பியபோதுதான், அது ஊருக்கே தெரியும் என்று தெரிந்தது.

செயலாளர் கிடங்கின் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கிடங்குத் தொழிலாளர்களின் கால்பந்து அணிக்கும் அவர்தான் செயலாளர். அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு பழைய போட்டோ தொங்கியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய அணி. நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நிற்பது மேஸ்திரி. அப்போது அவருக்குப் பெயர் 'சுவரு'. அவரைத் தாண்டிப் பந்து போனால் பத்திரிகையில் போடலாம் என்று சொல்வார்கள். போட்டோவின் ஓரத்தில், சட்டம் பாதி முகத்தைத் தின்றுவிட, ஒரு காதும் ஒரு கண்ணும் திறந்த வாயுமாக நிற்பவன் வாயன். படம் எடுக்கும்போதுகூட அவன் யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க மேஸ்திரி. கால் எப்படி இருக்கு?"

"காலுக்கென்ன சார். இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

செயலாளர் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து முன்னால் தள்ளினார்.

"நம்ம கோச்சோட ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. வச்சுக்கிறதா, அனுப்புறதான்னு குழுவுல ஒரே பேச்சு. கோல் போடுறவனப் பத்திப் பிரச்சனை இல்ல. டிஃபன்ஸ்தான் சிக்கல். பந்தையே பாக்காத ஆளுங்களையெல்லாம் புடிச்சுட்டு வந்து பின்னால நிறுத்துறாருங்கிறாங்க. அவருக்கு ஒரு டிஃபன்ஸ்காரனப் பாத்தா அடையாளம் தெரியுதா? தெரிஞ்சவன வளக்கத் தெரியுதா? இத உங்கள விட்டா இங்க யாரு சொல்ல முடியும்? மூணு வாரம் போய்ப் பாத்துட்டு எழுதிக் குடுங்க."

தாளில் மூன்றே கேள்விகள். ஆளை மதிப்பிடத் தெரியுமா? வளர்க்கத் தெரியுமா? அவர் உருவாக்கிய தடுப்பாட்டக்காரர்கள் யார் யார்? மூன்றாவதற்குக் கீழே, பெயர் எழுத நான்கு கோடுகள் போட்டிருந்தது.

மேஸ்திரி தாளை மடித்தார். செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருவேளை அவருக்கு அந்தக் கண்ணு இல்லன்னு ஆச்சுன்னா, நாங்க வெளிய எங்கயும் தேடப் போறதில்ல. கோச்சுக்குப் பலகை ஏற வேண்டிய வேலை இல்ல மேஸ்திரி. புல்லுல நடந்தாப் போதும்."

வெளியே வரும்போது மேஸ்திரியின் முட்டி வலிக்கவில்லை. அல்லது வலித்தது அவருக்குத் தெரியவில்லை.

வாயனும் அவரும் ஒரே வருஷம் கிடங்கில் சேர்ந்தவர்கள். அணியில் ஏழு வருஷம் கோலுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றவர்கள். கைதட்டல் முழுவதும் சுவருக்கு. வாயனுக்குக் கைதட்டியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவன் ஒல்லி, மோதினால் விழுவான், தலையால் முட்டினால் பந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பெயர். மூட்டை தூக்கத் தோள் இல்லையென்று நிர்வாகம் அவனை வாசல் சீட்டுக் கிழிக்கும் வேலைக்கு மாற்றியது. உட்கார்ந்த இடத்தில் புத்தகம் படித்தான், பரீட்சை எழுதினான், ஆறு மாதம் எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்தான். கழுத்தில் விசிலோடும் காலில் வெள்ளை ஷூவோடும் அதே அணிக்குக் கோச்சாகத் திரும்பி வந்தான். தோள் இல்லாதவன் தப்பித்துப் போனான், தோள் இருந்தவன் மூட்டைக்கடியில் மாட்டிக்கொண்டான். இதில் என்ன நியாயம் என்று மேஸ்திரி யாரிடமும் கேட்டதில்லை. கேட்காத கேள்வி வயிற்றில் கிடந்து புளித்தது.

அன்று சாயங்காலம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பெண்டாட்டி சொன்னாள்:

"வாயன் அண்ணன் சம்சாரத்தக் கடையில பாத்தேன். இந்த வயசுலயும் அவரு மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவுறாராம். விழுந்துறப் போறீங்கன்னு இவ திட்டுறாளாம்."

"இப்ப இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. படியப் பத்திப் பேச்சு வந்துச்சு, சொன்னேன்."

"நம்ம வீட்டுல படி எங்க இருக்கு?"

"இல்லாதது நல்லதாப் போச்சு," என்று தைலப் புட்டியை மூடினாள்.

ஓர் ஆளின் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம். மேஸ்திரி அன்றைக்கு ராத்திரி இன்னொருத்தனின் மாடிப்படியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் கிடங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்துக்குப் போனார். கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. கோலுக்கு முன்னால், தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவனைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை என்று தோன்றியது.

நின்றது நெட்டை. போன வருஷம் மூட்டை தூக்கும் வேலை கேட்டு வந்தவன். மேஸ்திரிக்கு இந்த விஷயத்தில் பெரிய பெயர் உண்டு. ஒருத்தன் பத்தடி நடந்தால் போதும், அவன் எத்தனை மூட்டை தாங்குவான், எந்த மாதம் ஓடிப்போவான் என்று சொல்லிவிடுவார். நெட்டையை மூன்றே நாளில் கழித்துவிட்டார். பலம் இல்லாமல் இல்லை. மூட்டைக்குக் குனிவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் பார்ப்பான். பலகையில் யார் ஏறுகிறார்கள், லாரி எங்கே திரும்புகிறது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தூக்குவான். ஒரு ஆள் நின்றால் பின்னால் பத்து ஆள் நிற்கும். "மூட்டையத் தூக்கச் சொன்னா, வாடகைக்கு வீடு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறான்" என்று சொல்லி, கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வாயன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான்.

"வா சுவரே. செயலாளர் சொன்னாரு. நல்லாப் பாரு."

"இவன எங்க புடிச்ச?"

"உன் வாசல்லதான். நீ தொரத்தி விட்டன்னிக்கு நான் எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு நின்னேன். ஏம்பா வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு கேட்டேன். சுத்திப் பாக்குறேனாம்னு சொன்னான். டீய அப்படியே வச்சிட்டு இவனக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"நான் கழிச்சுப் போட்டத நீ பொறுக்கிட்டு வந்து டிஃபன்ஸுக்கு ஸ்டாப்பர்ங்கிற."

"ஆமா."

ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? மேஸ்திரி போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வாரம் முழுவதும் பார்த்தார். இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. விளையாடுகிற காலத்தில் வாயை மூடத் தெரியாதவன், கோச் ஆனதும் வாயையே திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எப்போதாவது எழுந்து போய், ஒருத்தனின் தோளைப் பிடித்து அரையடி நகர்த்தி நிறுத்திவிட்டு வந்தான். கத்தியதெல்லாம் அந்த நெட்டைதான். 'விடு', 'ஒட்டு', 'இடது', 'உள்ள', ஒற்றை ஒற்றை வார்த்தையாக, ஆட்டம் முடிகிற வரை.

மேஸ்திரி நோட்டில் எழுதினார்: 'ஆள் தேர்வு சரியில்லை. கோச் பேசுவதே இல்லை. சம்பளம் உட்காருவதற்கா?' எழுதியதைப் படித்துப் பார்த்தபோது நாக்கில் இனித்தது.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மில் அணியோடு ஆட்டம். அன்றைக்கு உருளை என்று ஒருவனை மேஸ்திரி கண்டுபிடித்தார். நெட்டைக்குப் பக்கத்தில் ஆடுகிறவன். குள்ளம், கழுத்தே இல்லை, பீப்பாய்க்குக் காலும் கையும் முளைத்தது போல இருப்பான். மில்காரன் பந்தோடு வந்தால் உருளை சரியாக அந்த இடத்தில் இருந்தான். மோதினான், பிடுங்கினான், தூக்கி அடித்தான். ஒவ்வொரு தடவையும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மில்காரர்களுக்கு ஒரு கோலும் இல்லை. மேஸ்திரிக்கு மார்பு நிறைந்துவிட்டது. அந்த மோதல், அந்தத் திமிர், பிடுங்கிய பிறகு எதிராளியைக் குனிந்து பார்க்கிற அந்தப் பார்வை எல்லாமே அவருடையது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய தன்னையே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் வாயனிடம் நொண்டிக்கொண்டே போனார்.

"உன் டிஃபன்ஸ்ல ஒருத்தன்தான்டா ஆம்பள. அந்த உருளை. அவனும் உன் கைவேலை இல்ல. அதெல்லாம் பொறப்புலயே வரணும். நாமெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டோம்? அவன் அப்படியே என்ன மாதிரி."

வாயன் ஷூவின் நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

"உன்ன மாதிரிதான்," என்றான். "புதன்கிழமை வந்துரு. மறந்துறாத."

புதன்கிழமை சாயங்காலம் வாயன் அணியை இரண்டாகப் பிரித்தான். ஒரு பக்கம் கோல் போடுகிறவர்கள், எதிரே பின்வரிசை. நெட்டையைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தான்.

"வாய் நிறைய வச்சுக்க. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. மத்தபடி எப்பவும் போல ஆடு."

நெட்டை கன்னம் இரண்டும் உப்பப் போய் நின்றான். "மாசமா இருக்கான், யாரும் மோதாதீங்கடா" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வாயன் விசில் ஊதினான்.

பத்து நிமிஷத்தில் மூன்று கோல்.

நெட்டை எப்போதும்போலச் சுற்றிப் பார்த்தான், நிற்க வேண்டிய இடத்தில் நின்றான். ஆனால் அவன் ஒருவன் எத்தனை இடத்தில் நிற்க முடியும்? உருளைதான் சிதறிப் போனான். அதே வேகம், அதே முரட்டு மோதல். ஆனால் மோத வேண்டிய இடத்துக்கு இரண்டடி தள்ளியே போய் மோதினான். முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் ஓடுவது அவனுக்குத் தெரியவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மைதானத்தில் அந்தப் பழமொழிக்கு விலை ஒரு கோல். மூன்றாவது பந்து வலைக்குள் போனதும் உருளை திரும்பி, கோல்கீப்பரைப் பார்த்துக் கத்தினான்:

"கையில என்ன வெண்ணெயாடா வச்சிருக்க? எவ்வளவுதான்டா நான் ஒருத்தனே தடுக்கிறது?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். வெண்ணெய் முதல் கடைசி வரை, அது அவருடைய வாயிலிருந்து வந்த வார்த்தை. எந்த வருஷம், எந்த மைதானம், யாரைப் பார்த்துச் சொன்னது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

வாயன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மூணு கோல் யாரால?" என்று கேட்டான்.

"கீப்பராலதான் கோச்சண்ணே," என்றான் உருளை.

"சரி. நெட்ட, தண்ணியத் துப்பு. இன்னும் பத்து நிமிஷம் ஆடுங்க."

விடு, ஒட்டு, இடது, உள்ள. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு கோலும் இல்லை. வாயன் எதையும் விளக்கவில்லை. விசிலை ஊதிவிட்டு பந்துகளைப் பையில் போட ஆரம்பித்தான். உருளை மட்டும் நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்து நின்றான். நெட்டையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு கோல்கீப்பரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு, "வெண்ணெய்னு சொன்னத மறந்துருடா" என்றான்.

ஒரு சாயங்காலம். ஒரு டம்ளர் தண்ணீர். மேஸ்திரியின் வயிற்றில் புதிதாக ஒரு பொறாமை பற்றிக்கொண்டது. இது வாயன் மேல் இல்லை, அந்தக் கழுத்தில்லாத பயல் மேல். இவனுக்கு இருபத்து மூன்று வயதிலேயே காட்டிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

அங்கிருந்து நேராக மச்சான் கடைக்குப் போனார். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற கடை. அந்தக் காலத்து அணியில் கோல்கீப்பர் அவர்தான். தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. என்ன, முட்டிக்குப் பஞ்சர் ஒட்டணுமா?"

"மச்சான், ஒண்ணு கேக்கணும். அந்த வருஷம் நாலு ஆட்டம் வரிசையாத் தோத்தோமே. அப்ப வாயன் ஆடினானா?"

மச்சான் ட்யூபை விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஆடினானாவா? ஒரு ஆட்டம் விடாம ஆடினான். கடவாய்ப் பல்லப் புடுங்கி, தாடை வீங்கி, தலையோட சேத்து வெள்ளத் துணி கட்டிக்கிட்டு ஆடினான். கொய்யாப்பழத்த மூட்ட கட்டின மாதிரி இருந்துச்சு மூஞ்சி. வாயத் தொறக்க முடியல அவனால."

"எத்தனை கோல் வாங்கினோம்?"

"பதினொண்ணு. எனக்குக் கணக்குத் தப்பாது மாப்ள. பதினொண்ணையும் வலைக்குள்ள போய் எடுத்துட்டு வந்தவன் நான்."

மேஸ்திரி குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். முட்டி மடங்க மறுத்தது. காலை நீட்டிக்கொண்டார்.

"நான் கேப்டன்கிட்டப் போய் உங்களத் தூக்கச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். நீங்க கீப்பர் கோணல்ன்னீங்க. அஞ்சாவது ஆட்டத்துல எனக்குப் பதிலா வேற கீப்பர் வந்தான். அன்னிக்குத்தான் வாயனோட தாடைக் கட்டையும் அவுத்தாங்க. கோல் நின்னுபோச்சு. புது கீப்பர் வந்த ராசின்னு ஊரே பேசிச்சு." மச்சான் மறுபடி ட்யூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினார். "நான் கோலுக்குள்ள நின்னவன் மாப்ள. உங்க முதுகு எனக்குத்தான் தெரியும். அவன் இடதுன்னா இடது போவீங்க, விடுன்னா விடுவீங்க. திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. மாடு மாதிரின்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லிட்டீங்களே."

"சொல்லிட்டேன், என்ன இப்ப? அந்தச் சுவர நகத்தி நகத்தி வச்சது அவன்தான். சுவருக்குன்னு ஏது கண்ணு?"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"தங்கச்சியக் குடுத்த வீடு. சொல்லிட்டு யாரு சண்ட போடுறது? நீங்களாக் கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்க இருபத்திரண்டு வருஷம் ஆச்சு." குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திக் காட்டினார். "பாருங்க, ஓட்டை இங்க இருக்கு. நான் அந்தப் பக்கமாத் தேடிட்டிருந்தேன்."

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மேஸ்திரி அடுக்களை மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தார். பெண்டாட்டி எதிரே உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு எழுதினா அந்த வேலை உங்களுக்குத்தானே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீங்கதான் எங்கிட்டச் சொல்லல."

இல்லை என்று எழுதுவது சுலபம். ஒரே வார்த்தை. பலகை போய்விடும், தைலப் புட்டி போய்விடும், நாற்காலி வரும். ஒருவேளை வெள்ளை ஷூவும் வரும். மூன்று வாரமாக அந்த நாற்காலியில் மனசால் பலமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டார். ஆனால் புதன்கிழமைக்குப் பிறகு, உட்கார்ந்ததும் எழுந்துவிட வேண்டியிருந்தது. நெட்டை வந்து எதிரே நின்று, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டால், என்ன சொல்வது? மைதானத்தில் அவர் ஏழு வருஷமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கீப்பரைத் திட்டியதைத் தவிர.

அதோடு இன்னொன்று. ஆளைப் பார்த்துச் சொல்கிறவர் என்று கிடங்கில் பெயர் எடுத்தவர் அவர். அந்த ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. கண்ணால் பார்த்ததை மாற்றி எழுதிவிட்டு நாளைக்கு எவனைப் பார்த்து, நீ தேறுவாய், நீ தேறமாட்டாய் என்று சொல்வது? பொறாமை இருந்தது. இல்லையென்று அவரே சொல்லமாட்டார். ஆனால் பொறாமைக்காரருக்குக் கண் அவிந்துபோய்விடவில்லை.

முதல் கேள்விக்கு எழுதினார்: 'தெரியும். நான் கழித்த ஆளை அவர் எடுத்தார். தவறு என்னுடையது.' 'தவறு' என்ற இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. இரண்டாவது கேள்விக்கு: 'தெரியும். சொல்லிக்கொடுக்காமல் தெரிய வைக்கிறார்.'

மூன்றாவது. முதல் கோட்டில் நெட்டை. இரண்டாவது கோட்டில் உருளை. மூன்றாவது கோட்டில் தச்சன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கோலும் போடாத ஃபார்வர்டாக இருந்து, வாயன் கையில் நல்ல இடது பேக்காக ஆனவன்.

நான்காவது கோடு காலியாகக் கிடந்தது. பேனா முனையைக் கோட்டில் வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. எடுத்துவிட்டார்.

"என்ன, முடிஞ்சுதா?" என்றாள் பெண்டாட்டி.

"முடிஞ்சுது."

"என் தலையெழுத்து, இன்னும் ஒன்பது வருஷம் தைலம் தேய்க்கணும்." முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயற்றில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள்.

செயலாளர் தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் உங்களுக்குத்தான் நாற்காலியத் துடைச்சு வச்சிருந்தேன் மேஸ்திரி."

"அதுல உக்காந்தா எனக்கு முதுகு வலிக்கும் சார்."

"நாலாவது கோடு காலியா இருக்கே? புள்ளி மட்டும் வச்சிருக்கீங்க. யாரையாவது எழுத நினைச்சு விட்டுட்டீங்களா?"

மேஸ்திரி செயலாளரின் தலைக்கு மேலே தொங்கிய போட்டோவைப் பார்த்தார். நடுவில் கையைக் கட்டி நிற்கிறவனையும், ஓரத்தில் பாதி முகத்தோடு வாயைத் திறந்து நிற்கிறவனையும் பார்த்தார்.

"ஆள் இல்ல சார்," என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்குக் கிடங்கு வாசலில் வாயன் எதிரே வந்தான். அதே வெள்ளை ஷூ.

"ரெண்டு வருஷத்துக்கு நீட்டிச்சுட்டாங்க," என்றான். "நீ எழுதினதுதான் காரணம்னு செயலாளர் சொன்னாரு."

"பாத்தத எழுதினேன். உனக்காக ஒண்ணும் எழுதல."

"பாத்ததயெல்லாமா?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஏதோ உறுமியது. திரும்பிப் பார்க்க நேரம் இல்லை.

"இடது," என்றான் வாயன். கத்தக்கூட இல்லை.

மேஸ்திரியின் உடம்பு இடது பக்கம் நகர்ந்திருந்தது. மூளைக்குச் செய்தி போவதற்குள், முட்டி வலிக்கலாமா என்று யோசிப்பதற்குள், முழு உடம்பும் போய்ச் சுவரோரம் நின்றிருந்தது. பின்பக்கமாக வந்த லாரி அவர் நின்ற இடத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பாத்து நிக்கக் கூடாதா பெரியவரே?" என்றான்.

வாயன் சிரிக்கவில்லை. அவர் சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டான். மைதானத்துப் பக்கம் நடந்தான். கொஞ்சமும் நொண்டாத நடை. மேஸ்திரி அந்த நடையைக் கடைசி வரை பார்த்தார். வயிறு பழையபடி எரிந்தது.

பிறகு உள்ளே போய்ப் பலகையில் காலை வைத்தார். முட்டி ஆணியைத் திருகத் தொடங்கியது. மேல் அடுக்கில் முப்பது மூட்டை, எண்ணி முடிக்க வேண்டும்.

செயலாளரின் அலமாரியில் இருந்த அந்தத் தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. நான்காவது கோட்டில் எழுத வேண்டியது மேஸ்திரியின் சொந்தப் பெயர். அந்த ஒரு பெயர் வாயனுக்கு இன்னும் பாக்கி.